திரிந்த டீக்கு இஞ்சியைத் திட்டாதீர்கள்: மசாலா டீயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "உக்காருங்க மாமா, மசாலா டீ வைக்கறேன்" என்றாள். சும்மா உட்கார முடியாமல் அடுப்படி வாசலில் போய் நின்றேன். பால், தூள், இஞ்சி, சர்க்கரை எல்லாம் ஒரே போசியில், ஒரே நேரத்தில். சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் போசி ஓரத்தில் வெள்ளையாகக் குருணை கட்டிவிட்டது. "பால் சரியில்லீங்க மாமா" என்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொன்னேன்.

கோபிசெட்டிபாளையத்தில் பெரியப்பா வைத்திருந்த பேக்கரியில், மாஸ்டர் லீவு போடும் நாளெல்லாம் டீ பட்டறையில் நின்றவன் நான். தூள் கூடிப்போச்சு, இனிப்பு குறைஞ்சு போச்சு என்கிற சங்கதியெல்லாம் நாலு தடவை வைத்தால் தானாகக் கைக்கு வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். தானாகப் பிடிபடாதவை மட்டும் இங்கே.

கொதிக்கிற பாலில் நாட்டுச்சர்க்கரை

எங்கள் பக்கம் சர்க்கரை என்றாலே நாட்டுச்சர்க்கரைதான். வெள்ளையாக இருப்பதற்குப் பெயர் அஸ்கா. நடுவில் கொஞ்ச வருஷம் எல்லார் வீட்டிலும் அஸ்கா உட்கார்ந்திருந்தது. இப்போது மறுபடியும் நாட்டுச்சர்க்கரைக்கு மாறுகிறார்கள். நல்லதுதான். இஞ்சி ஏலக்காயோடு அந்த வாசம் சேரும்போது வருகிற ருசி அஸ்காவில் வராது. ஆனால் அஸ்காவைப் போடுகிற மாதிரியே இதையும் கொதிக்கிற பாலில் அள்ளிப் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சித்தப்பா மகளுக்கு உப்புச்சர்க்கரை மாற்றுகிற நாள், அதாவது கல்யாணம் நிச்சயம் பண்ணுகிற நாள். மாப்பிள்ளை வீட்டுச் சனமும் நம் சனமுமாக அறுபது பேர் இருக்கும். "பேக்கரிக்காரப் பையன் இருக்கறான், டீயை அவன் பாத்துக்குவான்" என்று சித்தி பெருமையாகச் சொல்லிவிட்டார். ஆறு லிட்டர் பால். விசேஷமே உப்புச்சர்க்கரை, அன்றைக்கு அஸ்கா போடலாமா என்று ஒரு குறும்பு. முக்கால் கிலோ நாட்டுச்சர்க்கரையைத் தளதளவென்று கொதிக்கிற பாலில் கொட்டினேன். கரண்டியால் ரெண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கரண்டி முதுகில் மணல் மாதிரி ஒட்டியது. மேலே பச்சைத் தண்ணீர், கீழே திப்பி. வேகமாகக் கலக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கலக்கினேன். குருணை இன்னும் பொடியானது, அவ்வளவுதான். முற்றத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்தாயிற்று. 'பொண்ணு வீட்டில் பால் திரிந்துவிட்டது' என்று யாராவது சகுனம் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? ரெண்டு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி, மெயின் ரோட்டுக் கடையில் வாங்கி வந்து ஊற்றினோம். சித்தி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பால்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வேறு வீட்டுப் பால் வாங்கினேன், அதுவும் ஒரு நாள் திரிந்தது. அப்புறம் பழி இஞ்சி மேல். இஞ்சி போடாமல் வைத்தேன், அப்போதும் திரிந்தது. கடைசியில் விஷயத்தைச் சொன்னவர் கவுந்தப்பாடிப் பக்கத்துச் சர்க்கரை வியாபாரி ஒருவர். பழனி பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை போகிற ஊர் அது. "சக்கரையில புளிப்பு இருக்குதுங்க தம்பி, சூட்டுல போட்டா பால் எப்படீங்க தாங்கும்?" என்றார்.

கரும்புச்சாறு இயற்கையிலேயே லேசான புளிப்பு உள்ளது. ஆலையில் காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்த்து அதை மட்டுப்படுத்துவார்கள். அந்தச் சுண்ணாம்பு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கொஞ்சம் கூடும், குறையும். சர்க்கரை பழசாகி, ஐப்பசி மழை ஈரத்தில் பிசுபிசுத்துக் கட்டி விழுந்தால் புளிப்பு இன்னும் ஏறும். பாலும் காலையில் கறந்தது சாயங்காலத்துக்குள் கொஞ்சம் புளிப்பை ஏற்றிக்கொள்ளும். ஆறின பால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும், கொதிக்கிற பால் பொறுக்காது. "நான் தெனமும் அப்படித்தான் போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். உங்களுக்குக் கிடைத்த மூட்டையில் சுண்ணாம்பு போதுமான அளவு இருந்திருக்கிறது. அடுத்த மூட்டை எப்படியோ!

செய்ய வேண்டியது சின்ன வேலை. சர்க்கரையை டம்ளரில் போட்டுக்கொள்ளுங்கள். டீயை வடிகட்டி, அடுப்பை விட்டு இறக்கி ஒரு நிமிஷம் கழித்து அதன் மேல் ஊற்றி ஆற்றுங்கள். விசேஷ வீடாக இருந்தால், புது மூட்டையைப் பிரித்ததும் கால் டம்ளர் கொதிக்கிற பாலில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள். திரிந்தால் கால் டம்ளரோடு போயிற்று. வெளிறின மஞ்சளாக, பளபளப்பாக இருப்பதை ஆசைப்பட்டு வாங்காதீர்கள்; ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். இன்னொன்று: நாட்டுச்சர்க்கரை என்பதால் சர்க்கரை வியாதிக்காரர் தாராளமாகக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் கரும்பு இனிப்புதான்.

இஞ்சியைப் பாலில் போடுவது

இஞ்சி முழு நிரபராதியும் இல்லை. பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. பால் சூடேறுகிற நேரத்தில் நசுக்கிப் போட்டால் அது வேலையைக் காட்டும். நன்றாகக் கொதித்த தண்ணீரில் அதற்கு உயிர் கிடையாது. அதனால் இஞ்சி எப்போதும் தண்ணீரில்தான். நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், கட்டை விரல் நுனி அளவு இஞ்சி, நாலு ஏலக்காய், ஒரே ஒரு கிராம்பு. மூன்று நிமிஷம் கொதித்ததும் தூள் நாலு ஸ்பூன், இன்னும் ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒன்றரை டம்ளர் காய்ச்சின பால். ஒரு பொங்கு பொங்கினதும் இறக்கிவிடுங்கள்.

மாசக்கணக்கில் மசாலாப் பொடி

அரைத்த ஏலக்காய் வாசம் பாட்டிலில் தங்காது. முழுசாக வைத்துக்கொண்டு அன்றன்றைக்குத் தட்டுங்கள், தோலோடு. பட்டை கொஞ்சமாக. சோம்பு போட்டால் டீ குருமாவாகிவிடும். என் நங்கை, அதாவது அண்ணி, போடுவார், அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஊட்டித் தூள்

ஊட்டிக்குப் போனவர்கள் எல்லாம் டப்பா டப்பாவாக வாங்கி வருகிறார்கள். நீலகிரியில் ரெண்டு விதமாகத் தேயிலை செய்கிறார்கள். நீளமாகச் சுருண்டிருக்கிற இலைத் தேயிலைக்கு மெல்லிய வாசம். பால் இல்லாமல் குடிக்கத்தான் அது. அதைப் பாலிலும் கிராம்பிலும் முக்கினால் காசு தண்டம். மசாலா டீக்கு இன்னொரு விதமான சி.டி.சி. தூள்தான் சரி. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு வருவதால், சாறு சட்டென்று இறங்கும். பாலையும் மசாலாவையும் தாண்டி நாக்குக்குத் தெரியும்.

தண்ணீர்

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் வைத்த டீயைக் குடித்துவிட்டு வெள்ளகோவில் பக்கம் போர் தண்ணீரில் வையுங்கள். அதே தூள், அதே பால். நிறம் மங்கி, மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்கும். பாலாடை என்று நினைப்போம், இல்லை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் டீச்சாறும் சேர்ந்து படிவது அது. உப்புத்தண்ணீர் ஊர்க்காரர்கள் டீக்கு மட்டுமாவது குடிதண்ணீர் எடுங்கள்.

வடிகட்டி

துணி வடிகட்டியில் பால் கறை புளித்துக் கிடந்தால், மேலே சொன்ன அத்தனையும் வீண். தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

மறுபடி சூடு பண்ணுவது

வேண்டாம். மாமியார் கேட்டாலும் புதுசாக வையுங்கள்.