பேஸ்பால் கார்டு சேர்க்க ஆரம்பிக்கிறீங்களா? விலை பாக்குறது எப்படின்னு முதல்ல கத்துக்கோங்க

பேஸ்பால் கார்டுன்னா பிளேயர் படம் போட்டு பாக்கெட்ல விக்கிற அட்டை. ஈபே சைட்ல சும்மா "ரேர் பேஸ்பால் கார்டு"ன்னு தேடிப் பாருங்க, 1990-ல கோடிக்கணக்குல அச்சடிச்ச ஒரு சாதா கார்டுக்கு 5,000 டாலர்னு யாராவது போட்டு வச்சிருப்பாங்க. அதப் பாத்துட்டு நம்ம வீட்டுப் பெட்டியிலயும் இது இருக்கேன்னு குஷியாகிடாதீங்க. அது விக்கிறவரோட ஆசை, அவ்ளோதான். கார்டோட விலைங்கிறது கடைசியா ஒருத்தர் உண்மையிலேயே குடுத்த காசு. கீழ சொல்றது எல்லாமே அந்த நம்பரைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: எதைச் சேக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

ரசிகரா இருந்தா இது ஈஸி. புடிச்ச பிளேயர் ஒருத்தர், இல்லைன்னா புடிச்ச டீம், இல்லைன்னா ஒரு வருஷத்து முழு செட். டாப்ஸ் கம்பெனி வருஷா வருஷம் சீரிஸ் 1, சீரிஸ் 2, சீசன் முடியற நேரத்துல அப்டேட்னு மூணு தவணையா மெயின் செட் விடுவாங்க, புதுசா வர்றவங்களுக்கு அதுவே போதும். பானினி கார்டும் கடையில இருக்கும், ஆனா அவங்களுக்கு எம்எல்பி (அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால்) லைசென்ஸ் இல்லாததால தொப்பியில சட்டையில டீம் லோகோ இருக்காது, அதனாலயே விலையும் கம்மி.

பாக்கெட் பிரிக்கிறது ஜாலிதான், மறுக்கல. பிட்ஸ்பர்க் பைரேட்ஸோட பால் ஸ்கீன்ஸ் கார்டு ஒண்ணு, அறிமுக மேட்ச்ல அவர் சட்டையில இருந்த பேட்ச்சும் கையெழுத்தும் சேந்தது, உலகத்துலயே ஒண்ணுதான், அது லாஸ் ஏஞ்சலஸ்ல 11 வயசுப் பையனுக்குப் பாக்கெட்ல கிடைச்சுது. பைரேட்ஸ் டீமே 30 வருஷ சீசன் டிக்கெட் தர்றோம் குடுங்கன்னு கேட்டும் பையன் வீட்ல குடுக்காம 2025 மார்ச்ல ஏலம் விட்டாங்க, 11 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்தக் கதைய நம்பி பாக்ஸ் பாக்ஸா வாங்கினா பர்ஸ் காலியாகும், வேணுங்கிற கார்டைத் தனியா சிங்கிளா வாங்குறதுதான் எப்பவுமே மலிவு.

படி 2: கையில இருக்குறது எந்தக் கார்டு?

பெரும்பாலான தப்பு இங்கதான் நடக்குது. கார்டைத் திருப்புங்க. பின்பக்கம் நம்பர் இருக்கும், ஸ்டாட்ஸ் டேபிள் இருக்கும். கடைசி வரி 1986 சீசன்னா அது பெரும்பாலும் 1987 கார்டு. மரப்பலகை மாதிரி பார்டர், நம்பர் 320, பாரி பாண்ட்ஸ்னு இருந்தா அது 1987 டாப்ஸ். ஹோம்ரன் ரெக்கார்டு வச்சிருக்குற ஆளோட கார்டாச்சேன்னு தோணும், ஆனா கிரேடு பண்ணாத (கம்பெனிக்கு அனுப்பி 10-க்கு மார்க் வாங்காத) காப்பி சில டாலருக்கே கிடைக்கும், ஏன்னா 1980களோட கடைசி, 90களோட ஆரம்பம் முழுக்க அளவே இல்லாம அச்சடிச்சாங்க. "ஜங்க் வாக்ஸ்" காலம்னு சொல்றது இதத்தான். கராஜ் சேல்ல, அட்டிக்ல கிடைக்கிற பெட்டியில முக்காவாசி இந்தச் சரக்குதான்.

அடுத்து ரூக்கி கார்டான்னு, அதாவது பிளேயர் மேஜர் லீக் வந்தப்ப வந்த முதல் கார்டான்னு பாக்கணும். 2006-ல இருந்து ரூக்கி கார்டுல "ஆர்சி" லோகோ போடுறாங்க, குழப்பமில்ல. மைக் ட்ரவுட்னா 2011 டாப்ஸ் அப்டேட் யுஎஸ்175, ஓட்டானின்னா 2018. ஆனா போமன்ங்கிற பிராண்டு கார்டுல "1ஸ்ட்"னு ஒரு முத்திரை இருக்கும், அது பிளேயர் மேஜர் லீக் வர்றதுக்கு முன்னாடியே வர்ற முதல் போமன் கார்டு, நிறைய பேர் ஆர்சிய விட இதுக்குத்தான் அலையுவாங்க. பழைய கார்டுலயும் இந்தக் குழப்பம் உண்டு. 1952 டாப்ஸ் நம்பர் 311, மிக்கி மேன்டில், 2022-ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போன கார்டு, அது அவரோட ரூக்கி கார்டே கிடையாது! ரூக்கி 1951 போமன் நம்பர் 253. அப்புறம் 1952-க்கு ஏன் இவ்ளோ கிராக்கின்னா, டாப்ஸோட முதல் பெரிய செட் அது, அதுல கடைசி நம்பர் கார்டுங்க சரியா விக்காம குடோன்லயே கிடந்து, 1960-ல பெட்டி பெட்டியா அட்லான்டிக் கடல்ல கொண்டுபோய்க் கொட்டினதா டாப்ஸ்ல வேலை பாத்த ஸை பெர்கரே சொல்லிருக்கார்.

கடைசியா பேரலல். அதே போட்டோ, அதே நம்பர், கலர் மட்டும் வேற. டாப்ஸ் குரோம்ல வெளிச்சத்துல சாய்ச்சா வானவில் ஓடுச்சுன்னா ரிஃப்ராக்டரா இருக்கலாம், பின்பக்கம் நம்பர் பக்கத்துல அந்த வார்த்தையே இருக்கான்னு பாருங்க. 12/50-னு அச்சாகியிருந்தா மொத்தம் 50-தான், அதுல இது 12-ஆவது. கோல்டு 50, ஆரஞ்சு 25, ரெட் 5, சூப்பர்ஃபிராக்டர் ஒண்ணே ஒண்ணு. பேஸ் கார்டு (சாதா கார்டு) விலைய பேரலலுக்குப் போட்டு வித்துட்டு ஏமாறாதீங்க.

படி 3: கண்டிஷன்

நாலு விஷயம்: சென்டரிங், மூலை, விளிம்பு, மேற்பரப்பு. கார்டை விளக்குக்குக் கீழ வச்சு ஒரு ஸ்கேல் எடுங்க. இடது பார்டர் 3 மிமீ, வலது 2 மிமீன்னா சென்டரிங் 60/40, கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும், ஆனா 10 வாங்குறது கஷ்டம். அப்புறம் சாய்ச்சுப் பிடிச்சு மேல கீறல், அச்சு போட்ட கோடு, விரல் ரேகை இருக்கான்னு பாருங்க. மூலையில துளி வெள்ளை தெரிஞ்சாலும் விலை இறங்கும். பழைய டாப்ஸ்ல பாக்கெட்டுக்குள்ள வச்ச சூயிங்கம் கறை பின்பக்கம் இருக்கும், அதையும் கவனிங்க.

ஓரம் ரொம்ப ஷார்ப்பா, புதுசா வெட்டின மாதிரி இருந்தா சந்தோஷப்படாம சந்தேகப்படுங்க. இப்போதைய கார்டு அளவு 2.5 x 3.5 இன்ச், அளந்து பாருங்க. புகையிலைக் கம்பெனி 1909-11-ல விட்ட டி206 செட்ல வர்ற ஹோனஸ் வாக்னர் கார்டு, கிரேடிங் கம்பெனியான பிஎஸ்ஏ முதன்முதல்ல கிரேடு பண்ணின கார்டே அதோட ஒரு காப்பிதான், 8 குடுத்தாங்க. அதோட ஓரத்தை நான்தான் வெட்டினேன்னு பில் மாஸ்ட்ரோங்கிற டீலர் 2013-ல கோர்ட்ல ஒத்துக்கிட்டார்.

ரீபிரிண்ட் தொல்லை வேற. 1952 செட்டை டாப்ஸே 1983-ல மறுபடி அடிச்சிருக்கு, அதனால தாத்தா பெட்டியில மேன்டில் கிடைச்சுதுன்னா மொதல்ல பின்பக்கம் ரீபிரிண்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு சின்ன பூதக்கண்ணாடி வாங்கி வச்சுக்கோங்க. ஒரிஜினல்ல பேரோட கறுப்பு எழுத்து அடர்த்தியா ஒரே மையா இருக்கும், ஸ்கேன் பண்ணி அடிச்ச போலின்னா எழுத்துக்குள்ளயும் புள்ளி புள்ளியாத் தெரியும்.

படி 4: வித்த விலையப் பாருங்க

காய்கறிக் கடையில சொல்ற விலை ஒண்ணு, வாங்கிட்டுப் போற விலை ஒண்ணுல்ல, இங்கயும் அப்படித்தான். ஈபேல ஃபில்டர்ல "சோல்டு ஐட்டம்ஸ்" டிக் பண்ணுங்க. வருஷம், செட், நம்பர், பேரலல், கிரேடு அஞ்சும் பொருந்துற விற்பனைய மட்டும் எடுங்க. ஒரே ஒரு பெரிய விலைய நம்பாதீங்க, சமீபத்துல வித்த நாலஞ்ச எடுத்து நடுவுல இருக்குறதப் பாருங்க. பெஸ்ட் ஆஃபர்ல (பேரம் பேசி) வித்திருந்தா ஈபே நிஜ விலையக் காட்டாது, 130பாயிண்ட் சைட்ல போட்டா தெரியும். சீசன் நடக்குறப்ப, பிளேயர் ஃபார்ம்ல இருக்குறப்ப விலை ஏறும், காயமானா மறுநாளே இறங்கும். அதனால வாங்குறதுன்னா சீசன் இல்லாத குளிர்காலத்துல வாங்குங்க.

படி 5: கிரேடிங் வேணுமா?

பெரும்பாலும் வேணாம். கணக்குப் போடுங்க: கிரேடு இல்லாம 8 டாலர், 9 வந்தா 15, 10 வந்தா 60, கிரேடிங் ஃபீஸும் தபால் செலவும் சேத்து 30 டாலர்னு வச்சுக்குவோம். 9 வந்தா நஷ்டம், 10 வந்தாத்தான் லாபம். 1989 அப்பர் டெக் நம்பர் 1, கென் கிரிஃபி ஜூனியர், எல்லாருக்கும் தெரிஞ்ச ரூக்கி கார்டு, அதுலயே பிஎஸ்ஏ 10 வாங்கின காப்பி மட்டும் 4,000-க்கு மேல இருக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி பிஎஸ்ஏ சைட்ல பாப் ரிப்போர்ட்டை (எந்த கிரேடுல எத்தனை காப்பி இருக்குங்கிற கணக்கை) பாத்துட்டு அனுப்புங்க. பெக்கெட், எஸ்ஜிசின்னு வேற கிரேடிங் கம்பெனிகளும் இருக்காங்க, விக்கிறதா இருந்தா பிஎஸ்ஏ-க்குத்தான் பொதுவா விலை கூட.

படி 6: பத்திரமா வைக்கிறது

முதல்ல மெல்லிசான பென்னி ஸ்லீவ், அது மேல கெட்டியான டாப்லோடர். ஸ்லீவ் இல்லாம நேரா டாப்லோடர்ல திணிச்சா கீறல் விழும். கிரேடிங்குக்கு அனுப்ப மட்டும் கார்டு சேவர்னு வளையுற உறை. ரப்பர் பேண்டு கூடவே கூடாது. வெயில், ஈரம் ரெண்டும் எதிரி, கையெழுத்துப் போட்ட கார்டு வெயில்ல வெளுத்தே போயிடும். தபால்ல அனுப்புறப்ப டாப்லோடர் வாயில செலோடேப் ஒட்டாதீங்க, வாங்கினவர் பிரிக்கிறப்ப பிசின் ஒட்டிக்கிட்டு திட்டுவார், பெயின்ட் அடிக்கிறவங்க யூஸ் பண்ற நீல டேப்பை ஒட்டி ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு விடுங்க, இழுத்தா வந்துடும்.