டாலஸ் புறநகரில் மிடில் ஸ்கூல் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

டாலஸ் புறநகரான ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கினால் பிள்ளைக்கு ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி. (தன்னாட்சிப் பள்ளி மாவட்டம்) பள்ளிதான் என்று நம்பிப் பலர் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். டெக்சஸில் ஊர் எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. ஃப்ரிஸ்கோ நகருக்குள்ளேயே ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் என நான்கு ஐ.எஸ்.டி.க்கள் இருக்கின்றன. பிளேனோ முகவரி உள்ள சில குடியிருப்புகள் ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் வரும். இர்விங்கின் வேலி ராஞ்சில் பல வீடுகள் காப்பெல் ஐ.எஸ்.டி.யைச் சேர்ந்தவை. வீடு விற்கும் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை நம்பாமல், மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். அதுவும் இந்த ஆண்டுக்கு அல்ல, பிள்ளை மிடில் ஸ்கூலில், அதாவது 6ஆம் வகுப்பில் சேரும் ஆண்டுக்கு.

எல்லை மட்டுமல்ல, பள்ளியே மறைந்துபோகலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால், ஆர்ம்ஸ்ட்ராங், கார்பென்டர் ஆகிய இரு மிடில் ஸ்கூல்களையும் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் மூட பிளேனோ ஐ.எஸ்.டி. வாரியம் 2024இல் வாக்களித்தது. 3ஆம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு மிடில் ஸ்கூல் பார்த்து வீடு வாங்குபவர்கள், வாரியக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் எல்லை மாற்றம், பள்ளி மூடல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, பத்துக்கு எத்தனை என்ற அந்த ஒற்றை எண். கிரேட்ஸ்கூல்ஸ் என்ற இணையதளம் பள்ளிகளுக்குத் தரும் மதிப்பெண்ணின் அடித்தளம் மாநிலத் தேர்வுதான். டெக்சஸில் அது ஸ்டார் தேர்வு. அதில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மூன்று படிகள்: அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ். பாஸ் என்று சொல்வது அப்ரோச்சஸை. வகுப்புக்குரிய நிலையை எட்டியது என்றால் மீட்ஸ். ஒரு பள்ளியின் அப்ரோச்சஸ் சதவீதத்தை இன்னொன்றின் மீட்ஸ் சதவீதத்தோடு வைத்துப் பேசுவது வாட்ஸ்அப் குழுக்களில் தினசரி நடக்கிறது.

கணிதத்தில் இன்னொரு பொறி. 8ஆம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 படிக்கும் பிள்ளைகள் 8ஆம் வகுப்புக் கணிதத் தேர்வை எழுதமாட்டார்கள். அல்ஜீப்ராவுக்கான பாட இறுதித் தேர்வை எழுதுவார்கள். ஆக, கணிதத்தில் வலுவான பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் அந்தப் பிள்ளைகள் எல்லாம் தேர்வு முடிவு அட்டவணையின் 8ஆம் வகுப்புக் கணித வரியிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களின் சதவீதம் குறைவாகத் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து “கணிதம் வீக்” என்று ஒதுக்கப்படுவது இப்படிப்பட்ட பள்ளியாக இருக்கலாம். அல்ஜீப்ரா 1 வரியையும் சேர்த்துப் படியுங்கள். 8ஆம் வகுப்பில் எத்தனை பேர் அல்ஜீப்ரா எடுக்கிறார்கள் என்று கவுன்சலரிடம் கேளுங்கள்.

மொத்தச் சராசரியும் ஏமாற்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் பள்ளியில் 100 பேரில் 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், 20 பேர் வசதி குறைந்தவர்கள். முதல் பிரிவில் 80 சதவீதமும் இரண்டாவதில் 50 சதவீதமும் மீட்ஸை எட்டினால், 64ம் 10ம் சேர்ந்து 74. இரண்டாவது பள்ளியில் வசதியானவர்கள் 40, குறைந்தவர்கள் 60. அங்கே எட்டியவர்கள் முறையே 85, 55 சதவீதம். 34ம் 33ம் சேர்ந்தால் 67. இரு பிரிவிலும் 5 புள்ளி கூடுதலாகச் செய்த பள்ளி, பட்டியலில் 7 புள்ளி கீழே நிற்கிறது. டெக்சஸ் கல்வி முகமை ஆண்டுதோறும் வெளியிடும் டி.ஏ.பி.ஆர். என்ற பள்ளிச் செயல்திறன் அறிக்கையில் வசதி குறைந்த மாணவர்களுக்குத் தனி நிரல் உண்டு, இனவாரியாகவும் உண்டு. சிறு குழுக்களின் எண்ணை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். அதற்கு மோசம் என்று பொருளில்லை. ஆள் குறைவு, அவ்வளவுதான்.

மாநிலம் தரும் ஏ முதல் எஃப் வரையிலான தரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தேர்வு மதிப்பெண், மாணவர் முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீத எடை. குழுக்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்ததற்கு 30. அதனால் ஒரே ‘பி’ எழுத்து இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு காரணங்களால் கிடைத்திருக்கலாம். 2023இல் மதிப்பிடும் முறையே மாறியது, ஸ்டார் தேர்வின் வடிவமும் அதே ஆண்டு மாறியது. 2022இல் ஏ வாங்கிய பள்ளி பிறகு பி ஆனதை வைத்துச் சரிவு என்று முடிவுகட்ட முடியாது.

ஒரே மாவட்டத்துக்குள் பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பள விகிதமும் பொதுவானவை. இதை மறந்துவிட்டு, “அந்தப் பள்ளியில் அட்வான்ஸ்டு மேத் உண்டாமே” என்று அலைய வேண்டாம். 2023இல் வந்த செனட் மசோதா 2124இன்படி, 5ஆம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளையை 6ஆம் வகுப்பில் மாவட்டமே மேம்பட்ட கணித வகுப்பில் சேர்க்கவேண்டும். வேண்டாமென்றால் பெற்றோர் விலகிக்கொள்ளலாம். பள்ளிக்குப் பள்ளி நிஜமாக மாறுவது தலைமை ஆசிரியர், புதிய ஆசிரியர்களின் சதவீதம், வகுப்பில் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு எத்தனை பிரிவுகள் என்பவை. வகுப்புக்கு 22 பேர் என்ற மாநில வரம்பு 4ஆம் வகுப்போடு முடிந்துவிடும். மிடில் ஸ்கூலில் 30 பேர் இருந்தாலும் அது மீறல் ஆகாது.

பிரிவுகளைப் பற்றிக் கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவும் அட்வான்ஸ்டு மேத்தும் ஒரே பீரியடில் மோதுமா? அல்ஜீப்ரா 1 ஒரே ஒரு பிரிவுதான் என்றால் மோத வாய்ப்பு அதிகம். பேண்ட், ஆர்க்கெஸ்ட்ராவில் தொடக்க வகுப்பு 6ஆம் வகுப்பில் நடப்பதால், “அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்” என்று விட்டால் பிள்ளை பின்தங்கிவிடும். மிடில் ஸ்கூலில் எடுத்த அல்ஜீப்ரா 1 உயர்நிலைப் பள்ளி கிரெடிட்டாகச் சேரும். ஆனால் ஜி.பி.ஏ.விலும் (பாடங்களின் சராசரி மதிப்பெண்) ரேங்க்கிலும் சேருமா என்பதை மாவட்ட விதியில் பாருங்கள். எந்த மிடில் ஸ்கூல் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது என்பதும் இங்கே முக்கியம், ஏனெனில் ரேங்க் அந்த உயர்நிலைப் பள்ளிக்குள் போடப்படுவது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதத்தினருக்குத்தான் தானாக இடம் தருகிறது.

மாவட்டத்துக்குள் வேறு பள்ளிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்க நினைப்பவர்கள், பஸ் கிடைக்குமா என்பதையும் ஆண்டுதோறும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்தப் பள்ளியாக இருந்தாலும் வீடு 2 மைலுக்குள் இருந்தால் பொதுவாக பஸ் வராது, நடுவே ஆபத்தான சாலை என்று மாவட்டம் ஏற்றால் ஒழிய. வரைபடத்தில் 1.8 மைல் என்று தெரியும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஆறு வழிச்சாலை கிடக்கலாம்.