பேட்லாண்ட்ஸ் பூங்கா: குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போது ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையையும், நீர் அறுத்த களிமண் மேடுகள் நிறைந்த பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவையும் ஒரே பகலில் முடித்துவிடலாம் என்றுதான் வழக்கமாகத் திட்டம் போடுவார்கள். அதில் பேட்லாண்ட்ஸுக்குக் கிடைப்பது நண்பகலின் இரண்டு மணி நேரம். அந்த வெயிலில் நிழல் அதிகம் விழாது. மண்ணின் வரிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ஆகவே முதல் நாள் மதியம் மூன்று மணி வாக்கில் உள்ளே போய், இரவு தங்கி, மறுநாள் காலை பத்து மணிக்கு வெளியே வரும்படி திட்டமிடுங்கள். மற்ற ஏற்பாடுகளை எல்லாம் இந்தக் கணக்குக்கு ஏற்பச் செய்துகொள்ளலாம்.

பூங்கா தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது. பக்கத்து விமான நிலையம் ராபிட் சிட்டி. திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் கிடையாது; கடைசியாக டென்வர், சிகாகோ, மினியாபொலிஸ் போன்ற ஏதாவது ஓர் ஊரில் மாற வேண்டும். ராபிட் சிட்டியிலிருந்து பூங்காவின் பென் ரீஃபல் தகவல் மையம் சுமார் 120 கிலோமீட்டர். பூங்காவுக்குள் பஸ் ஓடாது, கார் இல்லாமல் எதுவும் நடக்காது. ஓட்டப்போவது நீங்கள் என்றால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். அங்கே போன பிறகு வாங்குவது பெரும் அலைச்சல். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

போவதற்கு நல்ல மாதம் செப்டம்பர். மே, ஜூனில் புல் பச்சையாக இருக்கும், ஆனால் மழை அதிகம். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் சில நாள் 38 டிகிரியைத் தாண்டும். பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸில் பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் ராபிட் சிட்டி வரை அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும்.

தங்குவதற்குப் பூங்காவுக்குள்ளேயே சீடர் பாஸ் லாட்ஜ் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அங்கே அறை இல்லையென்றால் வெளியே இன்டீரியர் என்ற சிற்றூர் அல்லது வால் என்ற ஊர். அதிகாலைக் காட்சிதான் முக்கியம் என்பதால் சீடர் பாஸ் அல்லது இன்டீரியருக்கே முதலிடம் கொடுங்கள். கோடைக்கு அறை எடுப்பதானால் பல மாதம் முன்னதாகவே முயலுங்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். கார்டு வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டவருக்கான கட்டண விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் கிளம்பும் வாரத்தில் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

இனி வழி. ஐ-90 நெடுஞ்சாலையில் 110-ஆம் எண் வெளிவழியில் (எக்ஸிட்) இறங்கினால் வால். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் பங்க் இல்லை. போனில் வரைபடத்தையும் இங்கேயே இறக்கி வையுங்கள். உள்ளே பல இடத்தில் சிக்னல் வராது. பின்னக்கிள்ஸ் வாயிலைத் தாண்டியதும் வலப்பக்கம் சேஜ் க்ரீக் ரிம் சாலை பிரியும். சரளைச் சாலை, மெதுவாகத்தான் போக முடியும். காட்டெருமைகளைப் பார்க்க நல்ல வாய்ப்பு இங்கேதான். குறைந்தது 100 கஜம் தள்ளி நில்லுங்கள். அசையாமல் மேய்கிற பிராணிதான் திடீரென்று பாயும், மனிதனைவிட வேகமாக ஓடும். பிரெய்ரி நாய் எனப்படும் மண்வளை அணில்களுக்குத் தீனி போடாதீர்கள். அவற்றின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வழியே பிளேக் பரவக்கூடும்.

திரும்பி வந்து பின்னக்கிள்ஸ் காட்சிமுனையில் அஸ்தமனம் பாருங்கள். ஜூனில் எட்டரை மணிக்குத்தான் பொழுது சாயும்; செப்டம்பர் நடுவில் ஏழு மணிக்கு. வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் சூரியன் மறைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு தப்பிவிடும். இன்னொன்று: பூங்கா மலைநாட்டு நேரத்தில் (மவுண்டன் டைம்) இயங்குகிறது. கிழக்கே மினியாபொலிஸ் பக்கமிருந்து காரில் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைக்க வேண்டும்.

சாய்ந்த வெயிலில்தான் அடுக்குகள் பிரிந்து தெரியும். அடியில் கருமை, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலின் சேறு. அதன் மேற்பகுதி காற்றும் மழையும் பட்டு மண்ணாகி மஞ்சள் மேடுகளாக நிற்கிறது. அதற்கு மேலே சாம்பல், அப்புறம் இளஞ்சிவப்புப் பட்டைகள். ஆறுகளும் எரிமலைச் சாம்பலும் கொண்டுவந்து போட்டவை. ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுகளாக நீர் இதை அறுத்துக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் ஓர் அங்குலம். இன்று நாம் பார்க்கும் வடிவம் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பதே இங்கே போக எனக்குப் போதுமான காரணம்.

மறுநாள் விடிவதற்கு அரைமணி முன்னதாக பிக் பேட்லாண்ட்ஸ் காட்சிமுனைக்குப் போய்விடுங்கள். அதன் பிறகு நடைபாதைகள். விண்டோ பாதை கால் மைல்தான், வயதானவர்களும் போகலாம். டோர் பாதை போக வர முக்கால் மைல். முதல் பகுதியில் பலகை நடைபாதை, பிறகு எண்ணிட்ட கம்பங்களைப் பார்த்து நடக்க வேண்டும். நாட்ச் பாதை ஒன்றரை மைல், நடுவில் கயிற்றில் கட்டிய மர ஏணி, அதன் பிறகு செங்குத்துப் பள்ளத்தை ஒட்டிய விளிம்பு. முழங்கால் வலி உள்ளவர்களும் உயரத்தில் தலைசுற்றுபவர்களும் அதை விட்டுவிடுங்கள்.

மருத்துவாழ்மலையில் பாறையைப் பிடித்து ஏறிய பழக்கத்தை இங்கே நம்ப வேண்டாம். அது கடினப்பாறை, இது பாறைபோல் தெரியும் களிமண். பிடித்த இடமே கையோடு பெயர்ந்து வரும். காய்ந்த சரிவின் மேல் உதிர்ந்து கிடக்கும் பொடிக்கற்கள் காலடியில் உருண்டு வாரிவிடும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் ஆபத்து. ரப்பர் செருப்பு கூடாது, சப்பாத்திக் கள்ளியின் முள் அதைத் துளைக்கும். அடிப்பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்கள் ஏமாந்துபோவது எளிது. ஊரில் உடம்பு நனைந்ததும் தாகம் நினைவுக்கு வரும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த உடனே உலர்ந்துவிடும், உடம்பு நீர் இழப்பது தெரியாது. இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். ஓடைத் தண்ணீர் முழுக்க வண்டல், வடிகட்டியே அடைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு ராபிட் சிட்டியிலேயே ரொட்டி, தயிர், பழம் வாங்கிவிடுங்கள். சைவ உணவு வழியில் அரிது. ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோனால் சோறு வேகாது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. மட்டிப்பழமும் கறிவேப்பிலையும் பெட்டியில் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி கொண்டுபோகலாம். கேட்காவிட்டாலும் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எலும்புபோல் ஏதாவது மண்ணில் தெரிந்தால் தொடாதீர்கள், எடுப்பது குற்றம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பென் ரீஃபல் தகவல் மையத்தில் சொல்லுங்கள். 2010-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அந்த மையத்தின் அருகிலேயே வாள்பல் பூனை இனத்தின் மண்டையோட்டுப் புதைபடிவத்தைக் கண்டு சொன்னாள்.

இரவில் மழை பெய்திருந்தால் காலைத் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள். நனைந்த களிமண் சோப்புபோல் வழுக்கும், காலணியில் அப்பி ஒவ்வொரு அடியும் கனக்கும். நாட்ச் பாதையை அன்றைக்குக் கைவிடுங்கள். பலகை போட்ட புதைபடிவக் கண்காட்சிப் பாதையைச் சுற்றிவிட்டு, தகவல் மையத்தின் காட்சியகத்தைப் பாருங்கள். கோடையில் அங்கே புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் வேலையை நேரில் பார்க்கலாம். பிறகு வடகிழக்கு வாயில் வழியாக 131-ஆம் வெளிவழிக்குப் போனால், பனிப்போர்க் கால மினிட்மேன் ஏவுகணைத் தளத்தின் தகவல் மையம் அங்கேயே இருக்கிறது.