பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்

திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜாக இருக்கிறேன். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கூட வேலை செய்பவரிடம் குறையை எப்படிச் சொல்வது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: பீஸ், அதாவது தைத்த உருப்படி, கையில் இல்லாமல் வாயைத் திறக்காதே.

"உங்க லைன்ல எப்பப் பாத்தாலும் இதே ரோதனைதானுங்க" என்றால் டெய்லர் என்ன செய்வார்? சண்டைக்கு வருவார். இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டு அதே மாதிரி தைப்பார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அக்கா, இந்த மூணு பீஸையும் பாருங்க. பாட்டம் மடிப்புல, சைடு தையலைத் தாண்டற இடத்துல தையல் விட்டிருக்குதுங்க. காலையில வந்த பண்டல்ல இல்லீங்க, டீக்கு அப்புறம் வந்ததுலதான் இருக்குது. ஊசி ஏதாச்சும் மாத்துனீங்களா?"

இதில் அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எந்த இடம், எத்தனை பீஸ், எப்போதிலிருந்து என்பது மட்டும் இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டம் மடிப்பு தைக்கும் பிளாட்லாக் மிஷினில் தையல் விடுகிறது என்றால் ஊசி வளைந்திருக்கலாம், அடியில் நூலைப் பின்னும் கொக்கியான லூப்பரின் டைமிங் தப்பியிருக்கலாம், நூல் கோத்ததில் கோளாறு இருக்கலாம். மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது பிடிபடும். காரணத்தையும் நாமே சொல்லி முடித்துவிட்டால் அவர் பேசாமல் இருந்துவிடுவார். கூப்பிட வேண்டிய மெக்கானிக்கை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்புறம் நேரம். பண்டல் அடுத்த மிஷினுக்கு நகரும் முன்னால் சொல்வதுதான் உதவி. பேக்கிங்கில் வந்து சொல்வது வெறும் புலம்பல். 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு (மொத்தச் சரக்குக்கு), ஏ.க்யூ.எல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5, ஜெனரல் லெவல் (எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது என்ற நிலை) 2 என்றால், கடைசிச் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் 125 பீஸ் எடுப்பார். 7 குறைப் பீஸ் வரை பாஸ், எட்டாவது வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். அந்த நிலையில் யார் தப்பு என்று பேசி என்ன ஆகப் போகிறது? அதனால்தான் லைனிலேயே ஒவ்வொரு மிஷினிலும் 7 பீஸ் எடுத்துப் பார்த்து, அங்கேயே நின்று சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமை சாயந்திரம் சம்பளக் கவருக்கு நிற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். எவ்வளவு நயமாகச் சொன்னாலும் காதில் ஏறாது.

பெரியவர்களிடம் சொல்வதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குத் தடுமாற்றம். கட்டிங் மாஸ்டர் நம் அப்பா வயதுக்காரராக இருப்பார். ரோலிலிருந்து பிரித்த துணியை ஆற விடாமல் உடனே லே போட்டு, அதாவது அடுக்கடுக்காக விரித்து, வெட்டியிருப்பார். துணி சுருங்கி, செஸ்ட் அளவு குறைந்து வரும். நாமோ "பரவால்லீங்க, பாத்துக்கலாமுங்க" என்று மரியாதையிலேயே விஷயத்தை முழுங்கிவிடுவோம். மரியாதை வேண்டியதுதான். அதற்காக அளவைச் சொல்லாமல் விட முடியாது. நாலு பேருக்கு நடுவில் வேண்டாம், அவர் டேபிளுக்கே போய், டேப்பை வைத்துக் காட்டி, "அண்ணா, சாம்பிள்ல 52 செ.மீ. இருக்குதுங்க, இதுல 50 தான் வருது. அடுத்த ரோலை முந்தின நாளே பிரிச்சுப் போட்டுட்டா சரியா வருமுங்களா?" என்று கேளுங்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிட வேண்டும்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளிடம் என் அரைகுறை இந்தியை நம்புவதில்லை. அப்ரூவ் ஆன சீல் சாம்பிளையும் அவர் தைத்த பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிடுவேன். வித்தியாசம் அவருக்கே தெரியும். சொல்லப்போனால், தமிழ் தெரிந்தவரிடமும் இதுவே மேல்.

வாட்ஸப் குரூப்பில் ஓட்டைப் பீஸைப் படம் எடுத்துப் போட்டு, சிவப்பில் வட்டம் போடுகிறார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது. முதலாளிக்கு நாம் வேலை செய்கிறோம் என்று காட்டத்தான் அது உதவும். தைத்தவருக்கு அவமானம் மட்டும்தான் மிச்சம்.

இனி நாம் கேட்டுக்கொள்ளும் முறை. ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வந்து "செக்கிங்ல யாருமே பாக்கறதில்லையா?" என்று கத்தினால், கோபம் வரத்தான் செய்யும். பதிலுக்கு "எந்தப் பீஸுங்க? காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். தொனி தப்பாக இருக்கலாம், விஷயம் சரியாக இருக்கலாம். பீஸ் வந்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஆள் பற்றாக்குறை, கரண்ட் கட் என்று காரணம் அடுக்குவதைப் பீஸைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொல்வது தப்பு என்று பட்டால், வாதாடுவதற்குப் பதில் இருவரும் சேர்ந்து அளந்து பாருங்கள். பாதிச் சண்டை எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான். ஒருவர் அக்குளை ஒட்டி அளப்பார், இன்னொருவர் அதற்கு ஓர் இன்ச் கீழே அளப்பார், டீ-ஷர்ட் ஒன்றேதான். அளவுகள் போட்டிருக்கும் ஸ்பெக் ஷீட்டில் படம் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் 5 நிமிடத்தில் முடிந்துவிடும்.

சொன்னபிறகு, மறுநாள் அதே மிஷினில் மறுபடி 7 பீஸ் எடுங்கள். சரியாகியிருந்தால் அந்த லைனில் எல்லார் காதிலும் விழும்படி, "அக்கா, பாட்டம் இன்னிக்கு சுத்தமா வந்துருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சரியாகவில்லையா, இன்னொரு தடவை சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் அதே குறை வந்தால் சூப்பர்வைசரிடம் போகத்தான் வேண்டும். போவதற்கு முன்னால், "அக்கா, இதை நான் மேல சொல்லப் போறனுங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள்.