சியேனாவின் பாலியோவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருக்கும் பழைய ஊர் சியேனா. அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரண்டு நாள்களில் பாலியோ என்ற குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஊர் நடுவில் சரிவாக இறங்கும் பியாஸ்ஸா தெல் காம்போ சதுக்கத்தைச் சுற்றி மண் கொட்டிக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் பத்துக் குதிரைகளைச் சேணமில்லாமல் மூன்று சுற்று ஓட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் பந்தயம் முடிந்துவிடும். இதை மட்டும் தெரிந்துகொண்டு, காலையில் ஃபிளாரன்ஸில் ரயிலேறி, சாயங்காலம் பந்தயத்தைப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் தவறு அதுதான்.

பாலியோ நான்கு நாள் விழா. ஜூன் 29 அன்றும் ஆகஸ்ட் 13 அன்றும் குதிரைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுப்பதில் அது தொடங்குகிறது. சியேனாவில் 17 பேட்டைகள் உண்டு, கொன்த்ராதா என்பார்கள். நத்தை, ஆமை, ஓநாய், முள்ளம்பன்றி, கோபுரம், அலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு கொடி, ஒரு தேவாலயம், ஓர் அருங்காட்சியகம். இவற்றின் எல்லைகளை 1729இல் அப்போதைய ஆளுநர் வியோலாந்தே பெயாத்ரிச்சே வரையறுத்தார். இன்றும் அதே எல்லைதான். தடம் குறுகலானது என்பதால் ஒரு பந்தயத்தில் பத்துப் பேட்டைகளுக்குத்தான் இடம். போன ஆண்டு அதே தேதியில் ஓடாத ஏழும், குலுக்கலில் வரும் மூன்றும் ஓடும். ஓட்டுகிற வீரனைப் பேட்டை காசு கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கடைசிக் கட்டத்தில்கூட மாற்றலாம். குதிரையை மட்டும் மாற்ற முடியாது. சீட்டில் வந்ததுதான், அதற்கு அடிபட்டு ஓட முடியாமல் போனால் அந்தப் பேட்டைக்கு அந்த முறை பந்தயமே இல்லை. அதனால்தான் அந்த நான்கு நாளும் குதிரையைப் பேட்டையின் லாயத்தில் வைத்து இரவும் பகலும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். லாயத்துப் பக்கம் கூச்சல் போடுவது, குதிரையின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது, தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவது எல்லாம் அவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நியாயம்தானே.

முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பந்தயத்துக்கு முன் காலையும் மாலையுமாக மொத்தம் ஆறு ஒத்திகை ஓட்டங்கள் உண்டு. மாலை ஒத்திகைக்குப் பேட்டைக்காரர்கள் பாடிக்கொண்டே குதிரையோடு சதுக்கத்துக்கு வருவார்கள். அந்தப் பாட்டைத் தெருமுனையில் நின்று கேட்டாலே இது என்ன விழா என்பது பாதி புரிந்துவிடும். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி ஒவ்வொரு பேட்டையும் தன் தெருவில் நீள மேசை போட்டு நூற்றுக்கணக்கானவர்களுக்கு விருந்து வைக்கிறது. சில பேட்டைகள் வெளியாட்களுக்கும் காசுக்கு இடம் தருவதுண்டு. முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தவறு, சதுக்கத்தின் நடுவே நின்று பார்ப்பதைச் சுலபமான வேலை என்று நினைப்பது. நடுவில் நிற்பதற்குக் கட்டணம் கிடையாது. ஓரத்துப் பலகைப் படிகளிலும் பால்கனிகளிலும் இடம் வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான யூரோ ஆகும், அதையும் பல மாதம் முன்னதாகவே பிடித்துவிடுவார்கள். அதனால் பெரும்பாலான பயணிகள் நடுவுக்குத்தான் போகிறார்கள். நல்ல இடம் வேண்டுமானால் மத்தியானமே உள்ளே போய்விட வேண்டும். கோடை வெயில் நேராகத் தலையில் இறங்கும், நிழல் கிடையாது. கழிப்பறையும் கிடையாது. தடத்தை அடைத்த பிறகு பந்தயம் முடியும் வரை வெளியே வர முடியாது. தொப்பி, தண்ணீர், கொறிக்க ஏதாவது கையில் இருக்கட்டும். கண்ணாடி பாட்டிலும் மடக்கு நாற்காலியும் வேண்டாம். சின்னக் குழந்தைகளையும், ரொம்ப நேரம் நிற்க முடியாத பெரியவர்களையும் அந்த நெரிசலுக்குள் கூட்டிப் போகாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். அவர்களை ஒத்திகை ஓட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அதே சதுக்கம், அதே குதிரைகள், கூட்டமும் குறைவு.

பந்தயத்துக்கு முன் வரும் ஊர்வலத்தைப் பொழுதுபோக்கு என்று நினைத்து போனில் மூழ்கிவிடுகிறவர்களும் உண்டு. பழைய சியேனா குடியரசின் நினைவாக நடப்பது அது. ஒவ்வொரு பேட்டையின் கொடி வீரர்களும் கொடியை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு, முரசோடு நிதானமாகச் சுற்றி வருவார்கள். கடைசியில் காளைகள் இழுக்கும் வண்டியில் பரிசு வரும். பரிசு என்பது ஓவியம் தீட்டிய ஒரு பட்டுத் துணி, அவ்வளவுதான். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக ஓர் ஓவியரை வைத்து வரைகிறார்கள். ஜெயித்தவருக்குப் பணப் பரிசு எதுவும் கிடையாது. அந்தத் துணிக்காகத்தான் ஊரே நெஞ்சு படபடக்க நிற்கிறது.

அப்புறம், குதிரைகள் கயிற்றண்டை வந்த பிறகும் பந்தயம் தொடங்கவில்லையே என்று பொறுமையிழப்பது. உண்மையில் பாலியோவின் மூளை வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. ஒன்பது குதிரைகள் இரண்டு கயிறுகளுக்கு நடுவே வரிசையில் நிற்க வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். பத்தாவது குதிரை பின்னால் தனியே நிற்கும்; அது உள்ளே பாய்ந்தால்தான் ஓட்டம் தொடங்கும். ஆக, எப்போது கிளம்புவது என்பது அந்தப் பத்தாமவன் கையில். தன் பேட்டையின் எதிரி நல்ல இடத்தில் நின்றால் அவன் காத்திருப்பான். எதிரியின் குதிரை திரும்பி நிற்கும் நொடியில் பாய்வான். இதற்கிடையில் வீரர்கள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் பேரம் பேசிக்கொள்வதையும் பார்க்கலாம். பேட்டைகளுக்குள் ரகசிய உடன்படிக்கை செய்துகொள்வதும் பணம் கைமாறுவதும் இங்கே எல்லோரும் அறிந்த நடைமுறை. அதை மோசடி என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். தான் ஜெயிப்பதைப் போலவே, எதிரியை ஜெயிக்க விடாமல் தடுப்பதும் பேட்டைக்கு முக்கியம். இந்த இழுபறி ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. இருட்டிவிட்டால் பந்தயம் மறுநாளுக்குப் போய்விடும்.

மழை பெய்தாலும் அப்படித்தான், ஈர மண்ணில் ஓடவிட மாட்டார்கள். நகர மண்டபத்தில் பச்சைக் கொடி தொங்கினால் இன்று பந்தயம் இல்லை என்று அர்த்தம். 2024இல் ஜூலை, ஆகஸ்ட் இரண்டுமே மழையால் தள்ளிப்போயின. மறுநாள் காலையிலேயே விமானம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

கழுத்துத் துணி விஷயமும் முக்கியம். கடைகளில் 17 பேட்டைகளின் நிறத்திலும் பட்டுத் துணி தொங்கும், அழகாக இருக்கும், வாங்கத் தோன்றும். வாங்குங்கள், வீட்டில் வையுங்கள். பந்தய நாளில் கழுத்தில் கட்டிக்கொண்டு திரியாதீர்கள். பேட்டைக்காரர்களுக்கு அது தன் பேட்டை நீரூற்றில் ஞானஸ்நானம் பெற்ற நாளோடு சேர்ந்த பொருள். நத்தையின் துணியோடு ஆமைப் பேட்டைக்குள்ளே போனால், அவை இரண்டும் பரம எதிரிகள், உங்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க மாட்டார்கள்.

குதிரைகளின் பாதுகாப்பு பற்றிய கேள்வி நியாயமானது. விலங்கு நல அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்த்துவருகின்றன. சான் மார்த்தீனோ வளைவில் குதிரைகள் மோதி விழுந்திருக்கின்றன. அந்த வளைவுச் சுவரில் இப்போது மெத்தை கட்டுகிறார்கள், தூய பந்தய இனக் குதிரைகளை விட்டுவிட்டுக் கலப்பினக் குதிரைகளையே ஓட்டுகிறார்கள். இது போதுமா என்பதில் ஊருக்குள்ளும் வெளியேயும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், ஆனால் பந்தயத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வேண்டாம்.

ஓட்டம் முடிந்ததும் ஜெயித்தது யார் என்பதில் ஒரு குழப்பம் வரும். வீரன் கீழே விழுந்திருந்தாலும் குதிரை தனியே முதலில் வந்தால் வெற்றி அதற்குத்தான். ஜெயித்தவர்கள் தடத்துக்குள் பாய்ந்து அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், தோற்றவர்களும் அழுவார்கள். அந்தச் சில நிமிடங்கள் குறுக்கே நிற்காமல் ஒதுங்கியிருங்கள். பிறகு பட்டுத் துணியோடு ஜூலையில் புரோவென்சானோ தேவாலயத்துக்கும், ஆகஸ்டில் பேராலயத்துக்கும் நன்றி சொல்லப் போவார்கள். பின்னாலேயே நீங்களும் போகலாம்.

பந்தயத்தோடு எல்லாம் முடிந்தது என்று ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் தவறவிடுகிறார்கள். வென்ற பேட்டை இலையுதிர்காலத் தொடக்கத்தில் வெற்றி விருந்து வைக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மரியாதைக்குரிய இடத்தில் குதிரை தனக்கென ஒரு தொட்டியோடு நிற்கும். செப்டம்பர் கடைசியில் டஸ்கனி பக்கம் போகிறவர்கள், அந்த ஆண்டு எந்தப் பேட்டை வென்றது, விருந்து எந்தத் தேதியில் என்று விசாரித்துவிட்டுப் போனால் அதையும் பார்க்கலாம்.