கவச உடைக்குள் அணியும் சட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மத்தியப் படை ஒன்றில் பணிபுரியும் என் தம்பி விடுப்பில் வந்திருந்தபோது, அவனுடைய இரு தோள்களிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்ததைப் பார்த்தேன். கூர்ந்து பார்த்தால் அந்தத் தடிப்பின் நடுவே நூல் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. திருப்பூரில் இருபது ஆண்டுகளாகப் பனியன் துணியைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால், அது துணியின் இரு விளிம்புகளையும் நூலால் சுற்றிக் கட்டும் ஓவர்லாக் தையலின் தடம் என்று எனக்கு உடனே புரிந்தது. குண்டு துளைக்காத ஜாக்கெட்டின் எடை முழுவதும் தோள்பட்டையில் இறங்க, உள்ளே போட்டிருந்த டி-சர்ட்டின் தோள் தையல் அந்த எடைக்கும் தோலுக்கும் நடுவில் அகப்பட்டு, மாதக்கணக்கில் அரைத்திருக்கிறது. அன்றிலிருந்து அவனுக்கும் அவனுடன் பணிபுரிபவர்களுக்கும் சட்டை தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். காவல் துறை, துணை ராணுவம், பணம் கொண்டுசெல்லும் வண்டிப் பாதுகாப்பு என்று கவச உடை அணிந்து நிற்கும் எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் ‘காற்றோட்டமான துணி’ என்று சொல்லி விற்கப்படும் சட்டை, ஜாக்கெட்டுக்குள் போனதும் அந்தப் பெயருக்குரிய வேலையைச் செய்ய முடியாது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும்; ஆனால் மார்பையும் முதுகையும் கவசத் தகடுகள் மூடியிருக்கும்போது அங்கே காற்று புகவே வழியில்லை என்பதால், வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஈரத்தைத் தகட்டின் அடியிலிருந்து இழுத்து, காற்று படும் இடங்களான கழுத்து, அக்குள், இடுப்பு ஆகியவற்றுக்குக் கடத்துவதும், ஈரத்தில் ஊறிய தோலை உராயாமல் காப்பதும்தான் உள்சட்டையின் உண்மையான வேலை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் விளிம்புக்கு வந்த வியர்வைகூட மெதுவாகத்தான் உலரும். ராஜஸ்தானின் வறண்ட வெயிலில் நன்றாக இருந்த சட்டை இங்கே நசநசப்பதற்குக் காரணம் இதுதான்.

இழையைத் தேர்ந்தெடுக்கும்போது வியர்வையை யோசிப்பதற்கு முன்னால் நெருப்பை யோசியுங்கள். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிவிடும். நைலானில் சில வகைகள் அதற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகும். உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டு எரிவதால் காயம் ஆழமாகிறது, சிகிச்சையும் கடினமாகிறது. 2006-ஆம் ஆண்டு ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர், முகாமைவிட்டு வெளியே செல்லும்போது இத்தகைய செயற்கை இழைச் சட்டைகளை அணியக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான். வெடிபொருள், எரிபொருள், பெட்ரோல் குண்டு வீசப்படும் கலவரம் ஆகியவற்றுக்கு அருகில் செல்லும் பணி உங்களுடையது என்றால், உடலோடு ஒட்டும் துணியில் பாலியெஸ்டரும் நைலானும் வேண்டாம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி நடுவழி என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. எரியும் பருத்தி ஒரு சாரம்போல நின்று உருகும் பாலியெஸ்டரைத் தாங்கிப் பிடிப்பதால், அந்தக் கலவை பல நேரங்களில் இன்னும் மூர்க்கமாக எரியும்.

அப்படியானால் எது? அலுவலகமே கொடுத்தாலோ, செலவழிக்க முடிந்தாலோ, எளிதில் தீப்பற்றாத இழைகளான அராமிட் அல்லது மோடாக்ரிலிக் கலந்த, ஐ.எஸ்.ஓ. 11612 தரத்தில் சோதிக்கப்பட்ட தீத்தடுப்புச் சட்டைதான் சரியான விடை. அடுத்தது மெரினோ கம்பளி. அது உருகாது, எளிதில் தீப்பிடிக்காது, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கையில் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அளவுக்கு மெல்லியதாக இருந்தால் நம் ஊர் வெயிலிலும் அணியலாம். ஆனால் விலை அதிகம், ஜாக்கெட்டின் தோள் பட்டை அரைக்கும் இடத்தில் சீக்கிரம் ஓட்டை விழும். மூன்றாவது, பெரும்பாலானோர் வாங்கக்கூடியது, முழுப் பருத்தி. பருத்தியும் எரியும், அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் உருகி ஒட்டாது. நெருப்பு அபாயமே இல்லாத காவல் பணிக்கும் பயிற்சிக்கும் மட்டும் நுண்ணிழை பாலியெஸ்டரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த இழை தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தையே உள்வாங்குவதால், வியர்வை இழைகளுக்கு இடையே மட்டும் ஓடி விரைவாக உலர்ந்துவிடும்.

பருத்தியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பருத்திக்கும் மோசமான பருத்திக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. நூல் கோம்டு நூலாக இருக்க வேண்டும். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் அதில் முடி குறைவு, உராயும் இடத்தில் நூல் உருண்டைகள் திரள்வதும் குறைவு. இழைகளை நெருக்கிச் சேர்த்து முறுக்கிய காம்பாக்ட் நூல் கிடைத்தால் இன்னும் நல்லது. துணியின் எடை 140 முதல் 160 ஜி.எஸ்.எம். வரை இருக்கட்டும், அதற்குக் கீழே போனால் பட்டை அரைத்துக் கிழியும், 180-ஐத் தாண்டினால் வியர்வையைக் குடித்துவிட்டுக் கனமான ஈரத் துணியாகத் தொங்கும். எடையை அறிய நாங்கள் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டும் கட்டரைப் பயன்படுத்துகிறோம். அந்த வட்டம் 1.5 கிராம் இருந்தால் துணி 150 ஜி.எஸ்.எம். கடையில் வெட்ட முடியாது என்பதால் லேபிளைப் பாருங்கள், அல்லது விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தன் சரக்கு என்ன ஜி.எஸ்.எம். என்று தெரியாதவரிடம் இந்த வேலைக்கான சட்டையை நான் வாங்க மாட்டேன்.

மென்மையைக் கண்டு மயங்கி மூங்கில் இழை, விஸ்கோஸ், மோடல் என்று போவோர் உண்டு. தோலுக்கு அவை சுகம்தான். ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் அதன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான். பருத்தியோ நனைந்தால் முன்பைவிடச் சற்று வலுவாகும். நாள் முழுவதும் வியர்வையில் ஊறியபடி எடையைத் தாங்கும் சட்டைக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம்.

இனித் தையல். கடையில் சட்டையை எடுத்ததும் உள்பக்கமாகத் திருப்பி, கட்டை விரலால் ஒவ்வொரு தையலையும் நெடுக அழுத்தித் தடவிப் பாருங்கள். விரலுக்குக் கயிறுபோலத் தெரிந்தால் அது ஓவர்லாக். ஜாக்கெட்டின் அடியில் அது கயிறாகவே வேலை செய்யும். ஃபிளாட்லாக் தையலில் இரண்டு விளிம்புகளும் பக்கம் பக்கமாகப் படுத்திருப்பதால் விரல் சறுக்கிக்கொண்டு போகும். அதைவிட முக்கியமானது தையல் எங்கே விழுகிறது என்பது. தோளின் உச்சியில் தையல் இருக்கவே கூடாது. முன்பக்கம் இரண்டு அங்குலம் இறக்கி வைத்த தையலோ, கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாகத் தைத்து, பட்டை படும் இடத்தைத் தாண்டிச் செல்லும் ராக்லன் கையோ நல்லது. உங்கள் ஜாக்கெட்டின் பட்டை எந்த இடத்தில் உட்காருகிறது என்று ஒருமுறை கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். விலாப் பக்கத் தையல் பற்றி நம் ஊர்ப் பழைய பனியன்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். உடல் அளவுக்கே குழாயாகப் பின்னிய துணியில் வெட்டியவை என்பதால் அவற்றுக்குப் பக்கத் தையலே கிடையாது. ஜாக்கெட்டின் பக்கப் பட்டையை இறுக்கிக் கட்டும் இடத்தில் அந்த அமைப்பைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. அதன் ஒரே குறை, துவைத்த பின் உடல் பகுதி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பும் வாய்ப்பு. ஒன்றை மட்டும் வாங்கி, இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்கினால் ஏமாற்றம் இராது.

கழுத்தில் தைத்த லேபிள் வேண்டாம், அச்சிட்டது போதும். மார்பில் பையோ பொத்தானோ வேண்டாம். துளைத் துளையான வலைத் துணி அக்குளில் மட்டும் இருக்கலாம். முதுகில் இருந்தால் தகடு அழுத்தி அந்தத் துளைகளின் வடிவத்தைத் தோலில் பதித்துவிடும். கை இல்லாத பனியனை அறவே தவிர்த்துவிடுங்கள். ஜாக்கெட்டின் அக்குள் விளிம்பு நேரடியாகத் தோலில் உரசி, வேர்க்குருவும் படர்தாமரையும் தொடங்குவது அங்கேதான்.

அளவு உடலோடு படிந்து இருக்க வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது. தளர்ந்த சட்டையில் விழும் ஒவ்வொரு மடிப்பும் தகட்டின் அடியில் ஒரு தழும்பாகும். மிக இறுக்கமான சட்டையோ மூச்சை இழுக்கும்போது மேலேறி இடுப்பில் சுருளும். இழுத்தால் நீளும் இழையான எலாஸ்டேன் ஐந்து சதவீதம் கலந்த துணி நன்றாகப் படியும். நெருப்பு அபாயப் பணியில் இருப்போர் அது இல்லாத ரிப் அல்லது இன்டர்லாக் பின்னலை எடுத்தால் இயல்பான இழுவையே போதுமானது. கடையிலேயே இரு கைகளையும் மேலே தூக்கி, பிறகு குனிந்து பாருங்கள். சட்டையின் கீழ் விளிம்பு பெல்ட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. சீருடைச் சட்டைக்குள் அணிவதென்றால் நிறமும் கழுத்து வடிவமும் உங்கள் படையின் விதிக்கு உட்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய சட்டையை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் சொட்டு பரவி மறைய வேண்டும். முத்துப்போல உருண்டு நின்றால், கையில் எடுத்தவுடன் வழுவழுப்பாகத் தெரிவதற்காகப் போட்ட சிலிக்கோன் மென்மையூட்டி அதில் மிகுந்திருக்கிறது என்று பொருள். கடையிலேயே மிக மிருதுவாகத் தோன்றும் சட்டை வியர்வையைத் தள்ளிவிடும் சட்டையாக இருப்பது எங்கள் தொழிலில் நாள்தோறும் பார்ப்பதுதான். இரண்டு சட்டைகளை ஒப்பிட வேண்டுமானால், இரண்டின் கீழ் விளிம்பையும் டம்ளர் தண்ணீரில் தொட்டபடி தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எதில் ஈரம் உயரமாக ஏறியிருக்கிறது என்று பாருங்கள். லேபிளை நம்ப முடியவில்லை என்றால், உள்விளிம்பிலிருந்து துணியின் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகித வாசனையுடன் எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான கறுப்பு மணியாகும்.

பராமரிப்பில் மூன்று தவறுகள் நல்ல சட்டையையும் கெடுக்கின்றன. துணி மென்மையூட்டி ஊற்றுவது முதலாவது. அது இழைமேல் படலமாகப் படிந்து ஈரத்தைக் கடத்தவிடாது. இரண்டாவது பிளீச், எலாஸ்டேனும் தீத்தடுப்பு மெருகும் அதில் அழியும். மூன்றாவது, ஜாக்கெட்டின் வெல்க்ரோவைத் திறந்துவைத்தபடி அணிவது அல்லது கழற்றுவது. அதன் கொக்கிப் பக்கம் பின்னல் துணியில் மாட்டி நூலை இழுத்துவிடும். ஒரு நாள் அணிந்ததை மறுநாளும் அணியக் கூடாது என்பதால் குறைந்தது நான்கு சட்டைகளைச் சுழற்சியில் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தோளிலும் விலாவிலும் துணி சல்லடைபோல வெளிச்சத்தை விடுகிறதா என்று பாருங்கள். அப்படி விட்டால், கிழியும்வரை காத்திருக்காமல் அந்தச் சட்டையைப் பணிக்கான அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டில் உடுத்த வைத்துக்கொள்ளுங்கள்.