ஸ்லோ குக்கரில் சீஸ் பாஸ்தா: குழையாமல், திரியாமல், தண்ணீர் விடாமல்

நியூ ஜெர்சியில் பாட்லக், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து, என்றால் பேக்ட் ஜீட்டி இல்லாமல் இருக்காது. இங்கே இருக்கிற இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்கள் கல்யாணம், துக்கம், சர்ச் விருந்து எதுவானாலும் அலுமினியத் தட்டில் இதைக் கொண்டுவந்து வைப்பார்கள். குழல் குழலான ஜீட்டி பாஸ்தா, தக்காளி சாஸ், ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸ், மேலே பொன்னிறமாகப் பொரிந்த மொஸரெல்லா சீஸ். பிள்ளைகள் புண்ணியத்தில் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஓவனில் வேறு ஏதாவது வேகும் நாளில், இதை ஸ்லோ குக்கரில், அதாவது மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில், வைத்தால் என்ன என்று தோன்றும். வைக்கலாம், நன்றாகவே வரும். ஆனால் ஓவனுக்கு எழுதிய குறிப்பை அப்படியே அதில் இறக்கினால் வராது.

நான் முதல் தடவை செய்தபோது காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கி, மெதுவாகச் சூடேறும் "லோ" பொத்தானில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலை ஐந்தரைக்கு மூடியைத் திறந்தால் மேலே ஒரு விரற்கடைக்குத் தண்ணீரும் எண்ணெயும் தேங்கி நிற்கிறது. கரண்டியை உள்ளே விட்டேன். குழலில் ஓட்டையே இல்லை. எல்லாம் ஊதிப் போய் ஒன்றோடொன்று ஒட்டி, குழைந்த சாதம் மாதிரி மசிந்து வந்தது. ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வளையம், தீய்ந்து, சுரண்டினாலும் வரவில்லை. ரிக்கோட்டா திப்பி திப்பியாகத் தனியே மிதந்தது. ஒரே பாத்திரத்தில் ஓரம் தீய்ந்தும் மேலே தண்ணீர் விட்டும் எப்படிப் போகும் என்று அன்றைக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

ஸ்லோ குக்கர் எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறு தானாகவே நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவர் இதே நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் பிறந்த இர்விங் நாக்ஸன். லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே பீன்ஸ், பார்லி, இறைச்சி எல்லாம் போட்ட பானையை ஊர் பேக்கரி அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அணைந்துகொண்டிருக்கும் அந்த அடுப்பின் சூட்டில் இரவெல்லாம் வெந்து, மறுநாள் அது சோலன்ட் என்ற கூட்டாகி வரும். வீட்டில் கேட்ட இந்தக் கதையிலிருந்துதான் நாக்ஸன் தன் மின்பானையைச் செய்தார். 1940-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் ரைவல் நிறுவனம் அவரிடமிருந்து அதை வாங்கி, 1971-ல் கிராக்பாட் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது.

ஆக, இது பீன்ஸுக்கும் கெட்டியான இறைச்சிக்கும் பிறந்த பானை. பீன்ஸுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். பாஸ்தாவுக்குக் கொதிக்கிற தண்ணீரில் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். "காலையில் போட்டு மாலையில் எடுக்கலாம்" என்ற பழக்கத்தைப் பாஸ்தாவிடம் காட்டுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். என் ஆறு குவார்ட் (சுமார் 5.7 லிட்டர்) பானையில் வேகவைக்காத ஜீட்டி ஹையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், லோவில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அதற்கு மேல் ஒரு அரை மணி போனாலே பதம் தவறிவிடும். குறிப்பில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே ஒரு குழலை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகக் கெட்டியாக இருக்கும்போதே அணைத்துவிடலாம். பானையின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

லோவில் வைத்தால் சூடு குறைவு, அதனால் குழையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் லோவும் ஹையும் கடைசியில் போய்ச் சேரும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. லோவில் அங்கே போக நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். பாஸ்தாவுக்கு அந்த மெதுவான பயணம்தான் ஆகாது. வெதுவெதுப்பான சாஸில் ஊறிக்கொண்டே கிடந்தால் மேல்மாவு கரைந்து கஞ்சியாகிவிடும், உள்ளே இன்னும் வெந்திருக்காது. அதனால் ஒன்று செய்யுங்கள்: சாஸை அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, சூடாகவே பானையில் ஊற்றுங்கள். பாஸ்தாவை இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் பிசறிவிட்டு அதில் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு என் வீட்டில் ஜீட்டி ஒட்டியதே இல்லை.

அப்படியும் நாள் முழுக்க வெளியே இருக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. சாஸை மட்டும் காலையில் லோவில் வைத்துவிட்டுப் போங்கள். தக்காளி, வெங்காயம், பூண்டு, வதக்கிய இறைச்சி எல்லாம் எட்டு மணி நேரம் வெந்தால் அருமையாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாஸ்தாவைத் தனியாக முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்து, கடைசி அரை மணியில் சீஸோடு சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஓவனில் ஆவி போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஓவன் குறிப்புகளில் தண்ணீரும் சாஸும் தாராளமாக இருக்கும். ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் முட்டி, துளித்துளியாகத் திரும்ப உள்ளேயே விழுகிறது. போட்ட தண்ணீர் போட்டபடி இருக்கும். அதற்காக ரொம்பக் குறைத்தாலும் பாஸ்தா வேகாது, ஏனென்றால் அதற்கு வேண்டிய தண்ணீரை அது சாஸிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். கணக்கு இப்படி: ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் பாஸ்தா வேகும்போது ஏறக்குறைய தன் எடைக்குச் சமமாகத் தண்ணீர் குடிக்கும். கடையில் விற்கும் சாஸ் ஜாடி ஒன்று 680 கிராம். இரண்டு ஜாடி ஊற்றினால் பாஸ்தா குடித்தது போகவும் பூசிக்கொள்ள சாஸ் மிச்சம் இருக்கும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஒரு ஜாடியோடு நிறுத்தினால் இரண்டு கப் தண்ணீர் சேர்க்கத்தான் வேண்டும், ருசியும் நீர்த்துவிடும். நான் இரண்டு ஜாடிதான் ஊற்றுகிறேன். வேகவைத்த பாஸ்தா போடுவதாக இருந்தால் ஒன்றரை ஜாடி தாராளம்.

காய் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காளான், சுக்கினி, கீரை மூன்றும் தண்ணீர் விடும் சாமான்கள். பச்சையாகப் போட்டால் அந்தத் தண்ணீருக்கும் போக இடமில்லை. வாணலியில் நன்றாகச் சுருள வதக்கிப் போடுங்கள். உறைந்த கீரையைப் பனி விட இளகவைத்து இரண்டு கையாலும் பிழிந்துவிட வேண்டும்.

மூடியிலிருந்து சொட்டும் நீருக்கு நம் அடுக்களையிலேயே விடை இருக்கிறது. இட்லிப் பானை மூடி சொட்டாமல் இருக்கத் துணி கட்டுவோமே, அதேதான். பானைக்கும் மூடிக்கும் நடுவில் ஈரம் உறிஞ்சும் சமையலறைப் பேப்பர் டவலை இரண்டு மடிப்பாக, உணவில் படாமல் இழுத்துப் பிடித்த மாதிரி வைத்து மூடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்தாலே போதும். சொட்டுவதை அது குடித்துக்கொள்ளும், மேலே சீஸ் தண்ணீரில் மிதக்காது. மூடியை அடிக்கடி திறந்து பார்த்தாலும் தண்ணீர் குறையுமே என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சேர்ந்த சூடெல்லாம் போய், வேகும் நேரம் கால் மணிக்கும் மேல் நீண்டுவிடும்.

இனி சீஸ். இதில்தான் நிறையப் பேர் மனம் விட்டுப்போகிறார்கள், நல்ல சீஸுக்குப் பணமும் நிறையக் கொடுத்திருப்பார்கள். நம் தொக்கில் எண்ணெய் பிரிந்து வந்தால் அது பதம். சீஸ் சாஸில் எண்ணெய் பிரிந்தால் கதை முடிந்தது. சீஸ் என்பது பால் புரதம் பின்னிய வலை, அதற்குள் கொழுப்பும் தண்ணீரும் அடைபட்டிருக்கின்றன. மிதமான சூட்டில் வலை தளர்ந்து அழகாக உருகும். மணிக்கணக்கில் சூட்டில் கிடந்தால் புரதம் இறுகி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். மேலே எண்ணெய், கீழே ரப்பர் மாதிரி நூல், நடுவில் மணல் மணலாக. ஆகவே சீஸில் பெரும்பகுதி கடைசி 20, 30 நிமிடத்தில்தான் உள்ளே போக வேண்டும்.

மெக்ரோனி சீஸ் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்கே சீஸ்தான் சாஸே. நாட்பட்ட ஷார்ப் செடாருக்கு ருசி அதிகம், ஆனால் முதிர முதிர அந்தப் புரத வலை பலவீனமாகிவிடும், சீக்கிரம் உடையும். அதை மட்டும் போடாதீர்கள். 225 கிராம் செடாருக்கு ஒரு 110 கிராம் அமெரிக்கன் சீஸ் சேர்த்துப் பாருங்கள். அதில் இருக்கிற சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் புரதத்தையும் கொழுப்பையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். அமெரிக்காவில் இந்தப் பதப்படுத்திய சீஸுக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். அமெரிக்கன் சீஸ் என்றாலே மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு வேலைக்காவது அதை உள்ளே விடலாம். பாலுக்கும் இதே கதைதான். கொழுப்பு நீக்கிய பால் நீண்ட சூட்டில் திரிந்துவிடும். டப்பாவில் வரும் எவாப்பரேட்டட் மில்க் திரியாது, சுண்டக் காய்ச்சிய பாலின் ருசியும் இருக்கும். கண்டென்ஸ்டு மில்க்கை அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள், இரண்டு டப்பாவும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், அது சர்க்கரை போட்டது.

துருவியே வரும் பாக்கெட் சீஸில் ஒட்டாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். மேலே தூவ அது பரவாயில்லை, சாஸுக்குள் போட்டால் வழவழப்பு வராது. கட்டியாக வாங்கித் துருவ ஐந்து நிமிடம் ஆகும்.

மொஸரெல்லாவில் தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டையை இதற்கு வாங்க வேண்டாம், தண்ணீர் விட்டே கெடுத்துவிடும். ஈரப்பதம் குறைந்த கட்டி மொஸரெல்லாதான் சரி. ரிக்கோட்டா நம் பனீருக்குச் சொந்தக்காரன், உருகவே உருகாது. உருகும் என்று நினைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் திப்பிதான் மிஞ்சும். ஒரு 425 கிராம் டப்பாவுக்கு ஒரு முட்டை அடித்துச் சேர்த்து, உப்பு, மிளகு, கொஞ்சம் பார்மேசான் போட்டுப் பிசைந்து, நடு அடுக்காகக் கரண்டி கரண்டியாக வைத்துவிடுங்கள். முட்டை அதை இறுக்கிப் பிடிக்கும்.

பார்மேசான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அசல் பார்மிஜியானோ ரெஜியானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருளில்தான் உறையவைக்கப்படுகிறது, அதன் விதியே அப்படி. பாட்லக்கில் சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், சைவ ரென்னெட் அல்லது மைக்ரோபியல் ரென்னெட் என்று உறையில் போட்டிருக்கும் சீஸாகப் பார்த்து வாங்குங்கள். "இதில் இறைச்சி இல்லை" என்று மட்டும் சொல்லிப் பரிமாறினால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகாது.

இறைச்சி போடுகிறவர்கள் கொத்திறைச்சியைப் பச்சையாகப் போடவே கூடாது. இரண்டு மணி நேரச் சமையலில் நடுப்பகுதி நிதானமாகத்தான் சூடேறும். மாட்டு, பன்றிக் கொத்திறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸும், கோழி, வான்கோழிக் கொத்திறைச்சி 74 டிகிரியும் தொட்டால்தான் பாதுகாப்பு. வாணலியில் நிறம் மாறி நன்றாக வெந்த பிறகே பானைக்குள் போகட்டும், கொழுப்பையும் வடித்துவிடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை நேராகப் போடுவது இன்னும் ஆபத்து. 4 முதல் 60 டிகிரி வரையான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், உறைந்த கட்டி அந்த இடைவெளியில் நெடுநேரம் கிடக்கும். "வார்ம்" பொத்தான் வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான், வேகவைக்க அல்ல.

பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். ரொம்பக் குறைவாகப் போட்டாலும் ஓரம் தீய்ந்துவிடும். சூட்டுக் கம்பி பெரும்பாலும் பக்கச் சுவரைச் சுற்றித்தான் இருக்கிறது, என் முதல் பானையின் கறுப்பு வளையத்துக்கு அதுதான் காரணம். உள்பக்கம் எண்ணெய் தடவுங்கள், பாஸ்தா எல்லாம் சாஸுக்குள் மூழ்கியிருக்கட்டும், நடுவில் ஒரு தடவை ஓரத்தை மட்டும் மெதுவாக வழித்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பொன்னிற மேல்தோல். ஸ்லோ குக்கரில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது வராது. சிவக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும், ஈரமான இந்தப் பானையின் உள்ளே நூறைத் தாண்டாது. சிவக்கட்டும் என்று கூடுதல் நேரம் விட்டால் பாஸ்தாதான் குழையும். மேல்தோல் வேண்டுமென்றால் வெந்ததை உலோகத் தட்டுக்கு மாற்றி, மேலே மொஸரெல்லா தூவி, மேலிருந்து அனல் வீசும் ஓவனின் பிராய்லரில் இரண்டு மூன்று நிமிடம், பக்கத்திலேயே நின்று பாருங்கள். கண்ணாடித் தட்டு வேண்டாம், வெடிக்கும். பீங்கான் பானையைத் தயாரிப்பாளர் அனுமதித்தாலொழிய பிராய்லரின் கீழே வைக்காதீர்கள். ஓவனே இல்லையென்றால் பிரெட் தூளை வெண்ணெயில் பூண்டோடு சிவக்க வறுத்து, பரிமாறும்போது மேலே தூவலாம். என் மகளுக்குச் சீஸ் தோலைவிட இந்த மொறுமொறுப்புதான் பிடிக்கிறது.

அணைத்தவுடன் கரண்டியைப் போடாதீர்கள். மூடியைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மிச்ச ஆவி போய், சாஸ் இறுகி, ரிக்கோட்டா அடுக்கு நிற்கும். அப்புறம் கரண்டியை நேராக அடிவரை இறக்கி எடுத்தால் குழல் குழலாக, ஓட்டை தெரிய, தட்டுக்கு வரும்.